குட்டைக்குச் சாட்சி

ராக்கையா கருவாட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியபோதுதான் மனைவி செல்லத்தாய்க்குச் சந்தேகம் தட்டியது. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லிவிட்டு வாங்கி, டப்பாவில் அடைத்து, அடைமழை பிடிக்கிற நாளில் மட்டும் எடுத்து வறுக்கிற நெத்திலிக் கருவாடு அது. அந்த வாசத்துக்கே இரண்டு கை சோறு கூடச் சாப்பிடுகிற மனுஷன், ரசம் ஊற்றிப் பிசைந்ததையும் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் விடியும்போதே பட்டறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுப் போயிருந்தார்கள். பத்து மணிக்குத் திரும்பி வந்தவனின் காலில் முட்டி வரைக்கும் கருநீலம். அது புதிதில்லை. சாயப்பட்டறையில் கழிவுத் தொட்டி பார்க்கிறவனுக்கு வாரத்துக்கு ஒரு நிறம் காலில் ஏறும். மெரூன் போனால் பச்சை, பச்சை போனால் கறுப்பு. நகக்கண்ணில் மட்டும் எல்லா நிறமும் சேர்ந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

"மேலுக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பெறகு?"

"குட்டை செத்துப்போச்சு."

செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "குட்டை எங்கயாச்சும் சாகுமா? வத்திப்போச்சுன்னு சொல்லுவாக, கலங்கிப்போச்சுன்னு சொல்லுவாக."

அவன் சிரிக்கவில்லை. "பத்து நாளா மழை விடலல்ல. தொட்டி தளும்பிருச்சு. ஆத்துப் பக்கம் தெறந்தா வெவசாயிக ஆளு நிக்காக, கேசு நடக்குது. குட்டைப் பக்கம் தெறந்துவிடுங்கண்ணான்னு மேனேஜரு சிவராஜு சொல்லுச்சு. தெறந்தேன்."

"அவுக சொன்னாக, நீங்க தெறந்தீக. இதுல என்ன இருக்கு?"

"சொன்னது அவுக. தெறந்தது என் கைதான?"

அவன் எழுந்து கை கழுவிவிட்டான். செல்லத்தாய் அந்தத் தட்டையும் கருவாட்டையும் வெகுநேரம் பார்த்தபடி இருந்தாள்.

இரண்டாயிரத்து ஆறு, ஐப்பசி மாசம் அது. அவர்கள் திருப்பூரை ஒட்டிய வீரபாண்டிப் பக்கம் வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கமுதிக்குக் கிழக்கே மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்து, கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டும் வயிறு நிறையாத காலத்தில் ராக்கையா முதல் ஆளாகக் கிளம்பி வந்தான். வந்து நிலைகொண்டபின் ஒவ்வொருவராக ஊராட்களை இழுத்தான். பட்டறையில் வேலை செய்கிற நாற்பது பேரில் இருபத்தைந்து பேர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள். செல்லத்தாயின் தம்பி ராஜபாண்டியும் அப்படித்தான் வந்தான். ஐந்து வயதில் தாயை இழந்தவனை அக்காதான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். தன் மகளைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்ட பிறகு அவளுக்கு இங்கே சொந்தம் என்று இருந்தது அவன் ஒருவன்தான். அவனுக்கு விஜயராணியைக் கட்டிவைத்து, தாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வரிசையில் அடுத்த அறையிலேயே குடிவைத்தாள். விஜயராணிக்கு இப்போது ஆறாவது மாசம்.

குட்டை பட்டறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மழைத்தண்ணீர் மட்டும் வந்து தேங்குகிற பள்ளம். ஒரு பக்கம் சீமைக்கருவேலம், மறுபக்கம் வீட்டுமனைச் சைட்டுப் போட்டுக் கல் நட்ட பூமி. அந்தத் தண்ணீரை ஒருவரும் குடிப்பதில்லை, பாய்ச்சுவதில்லை. மாடு கழுவக்கூட யாரும் போவதில்லை, மாடே இல்லை. சம்புக்கோரை வளர்ந்து, முக்குளிப்பான்கள் நாலைந்து முங்கி முங்கி எழுந்துகொண்டிருக்கும். ராக்கையா ஞாயிறு சாயங்காலம் ஒரு பீடியோடு அந்தக் கரையில் போய் உட்காருவான். தூண்டில் கொண்டுபோக மாட்டான். செல்லத்தாய் ஒரு தடவை கேட்டாள். "தூண்டி போட்டா ஒரு நேரக் கொழம்புக்காவது ஆகும்ல?"

"அதுக அதுபாட்டுக்கு இருக்குதுக" என்றான் அவன். அவள் விட்டுவிட்டாள். மற்ற ஆம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை போகிற இடத்துக்கு இவன் போகவில்லையே என்று அவளுக்கு நிம்மதி.

புதன்கிழமை காலைப் பத்திரிகையில் செத்த மீன்கள் கரை ஒதுங்கிய படம் வந்தது. சைட்டுக்காரர் யாரோ எடுத்துக் கொடுத்தது என்றார்கள். அன்று மதியமே மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை முடித்து, ஓட்டைக்கும் கறைக்கும் துணியைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிய வீடு திரும்பிய செல்லத்தாயை வாசலில் ராஜபாண்டி மறித்துக்கொண்டான்.

"ஒம்புருசன் செஞ்ச வேலையக் கேளுக்கா."

"என்னடா?"

"அந்த ஆபீசரு எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுக் கேட்டாரு. மழையில தொட்டி தானா வழிஞ்சுருச்சுன்னு சொல்லணும்னு சிவராஜண்ணன் சொல்லியிருந்தாரு, எல்லாரும் அப்படியே சொன்னோம். மச்சான் முறை வந்துச்சு. நாந்தான் தெறந்துவிட்டேன், தெறக்கச் சொன்னாக, தெறந்தேன்னு சொல்லிட்டாரு."

"ஆபீசரக் கண்டதும் பதறிப்போயிச் சொல்லியிருப்பாரு."

"பதறவே இல்லக்கா. ஆபீசருதான் பதறுனாரு. ஒனக்கு இங்க நெலம் இருக்கான்னு கேட்டாரு. இல்லன்னாரு மச்சான். கெணறு கெட்டுப்போச்சான்னாரு. இல்லன்னாரு. ஆடு மாடு செத்துச்சான்னாரு. இல்லன்னாரு. அப்ப பாதிக்கப்பட்டது யாருன்னு நான் எழுதன்னு கேட்டாரு."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"குட்டைன்னு எழுதிக்கிடுங்கன்னாரு."

ராஜபாண்டி அழுகிறமாதிரி ஆகிவிட்டான். "நாளைக்கு சீல் வைக்காகக்கா. கரண்டைப் புடுங்கப் போறாக. நாப்பது பேரு. இவளுக்கு ஆறு மாசம். யாருக்காகச் சொன்னாரு, அதை மட்டும் கேட்டுச் சொல்லு."

மறுநாள் சீல் வைத்தார்கள். பாய்லர் சத்தம் நின்றதும் அந்த வட்டாரமே காது அடைத்ததுபோல் ஆனது. லைன் வீட்டு ஆம்பளைகள் வாசலில் குத்தவைத்துச் சீட்டாடினார்கள், பிறகு அதுவும் சலித்துப்போய்ச் சும்மா இருந்தார்கள். ஆர்டர் குறைந்த காலம், வேறு பட்டறைகளிலும் புது ஆள் எடுக்கவில்லை. வாரம் போகப் போக ராக்கையாவோடு அவர்கள் பேச்சு குறைந்தது. ராக்கையா தண்ணீர் பிடிக்கப் போனால் குழாயடியில் வரிசை தானாக விலகி வழிவிட்டது. அது மரியாதை இல்லை என்று அவனுக்கும் தெரியும், செல்லத்தாய்க்கும் தெரியும். பெரியகருப்பன் என்ற ஊர்க்காரர், ராக்கையாவோடு ஒன்றாக வளர்ந்த சோட்டு ஆள், குடும்பத்தோடு மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பியபோது எல்லா வாசலிலும் சொல்லிக்கொண்டு போனார். ராக்கையா வாசலைத் தாண்டும்போது மட்டும் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தபடி போய்விட்டார்.

லைன் வீட்டுக்காரம்மா வேலாத்தாள் ஒருநாள் முருங்கைக்கீரை ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு வந்தாள். ஒருகாலத்தில் அந்தப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னை வைத்திருந்தவள். கிணறு உப்பாகி மரம் பட்டுப்போன பிறகு பூமியை விற்று, மிச்சத்தில் இந்தப் பத்து அறைகளைக் கட்டினாள்.

"ஏனுங் அம்மிணி, உங்கூட்டுக்காரரு குட்டைன்னு சொன்னாருங்கறாங்க. நெசந்தானுங்களா?"

"நெசந்தாங்க."

வேலாத்தாள் ஒரு கொத்துக் கீரையை உருவிப் போட்டாள். "எங்க கெணறு போனப்ப நாங்களும் கேஸ் போட்டமுங்க. அலையா அலைஞ்சு நஷ்டஈடு வாங்குனோம். எங்க கெணறு, எங்க மரம்னு போய் நின்னமுங்க. அந்தக் குட்டை புறம்போக்குங்க. பட்டா கெடையாது. அதுக்கு ஆருங் போய் நிக்கறது? பொறந்ததுல இருந்து பாக்கறனுங்க, இத்தனை வருசத்துல ஒருக்காக்கூட அதைப் பத்தி நெனச்சதில்லீங்க."

"அவரு செஞ்சது நல்லதுங்கிறீகளா, தப்புங்கிறீகளா?"

"அது எனக்குச் சொல்லத் தெரியலீங்க அம்மிணி. கேட்டதுல இருந்து சோறு எறங்க மாட்டேங்குது, அவ்வளவுதானுங்க."

கார்த்திகை கடைசியில் மேனேஜர் சிவராஜ் வந்தான். முப்பது வயது, அந்த ஊர்ப் பையன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, செல்லத்தாய் போட்ட பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கடுங்காப்பியை வாங்கிக் குடித்தான்.

"அண்ணா, உங்க மேல கோவமில்லீங்க. நான்தானுங்க தெறக்கச் சொன்னேன், இல்லீன்னு சொல்ல மாட்டேன். தொட்டி கொள்ளலீங்க. உள்ள அம்பது மூட்டை துணி பாதிச் சாயத்துல நின்னுச்சுங்க. வேற வழி தெரியலீங்க."

"தெரியும் தம்பி" என்றான் ராக்கையா.

"அடுத்த வாரம் விசாரணைங்க. அன்னிக்கு பயத்துல தப்பாச் சொல்லிட்டேன், தொட்டி தானா வழிஞ்சதுதான்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதுமுங்க. வக்கீல் பாத்துக்குவாரு. கரண்டு வந்துருமுங்க. உங்களையத் திரும்ப எடுக்க முதலாளிக்குச் சங்கடம், அதை மறைக்க விரும்பலீங்க. மத்த முப்பத்தொம்பது பேருக்கும் வேலை இருக்குங்க. ராஜபாண்டிக்குத் தொட்டி வேலையே குடுத்துர்றமுங்க, நிரந்தரமா."

அதட்டாமல், குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு எழுந்தான். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி, "நானும் அன்னிக்குப் போய்க் குட்டையப் பாத்தனுங்கண்ணா. பாக்காம இருந்திருக்கலாமுங்க" என்றான்.

அவன் போனபிறகு ராஜபாண்டி உள்ளே வந்தான். பின்னாலேயே விஜயராணி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து கதவில் சாய்ந்து நின்றாள். ராஜபாண்டி மச்சான் முன்னால் உட்கார்ந்து அவன் காலில் கையை வைத்தான். ராக்கையா காலை இழுத்துக்கொண்டு, "எந்திரிய்யா, எந்திரி" என்று அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான். விஜயராணி மட்டும், "மதினி, நீங்கதான் சொல்லணும்" என்றாள். இருவரும் போய்விட்டார்கள்.

சோறு வடித்து இறக்கினாள் செல்லத்தாய். கீரையைக் கடைந்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்ததும் மத்தை ஓரமாக வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். கேக்கேன். அந்தக் குட்டையால நமக்கு என்ன ஆச்சு? ஒரு கொடம் தண்ணி மோந்தோமா?"

"இல்ல."

"ஊருக்கு ஆகுமா?"

"ஆகாது."

"பெறகு யாருக்கு நட்டம்னு அம்புட்டுப் பேரு பொழப்புல மண்ணள்ளிப் போட்டீக?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைகிற கை நின்றது. "ரெண்டு வெறாலு மீனு இருந்துச்சு" என்றான்.

"வெறாலா?"

"ஆணும் பொண்ணும். புரட்டாசிக் கடேசியில குஞ்சு பொரிச்சுதுக. செவசெவன்னு ஒரு மொறத்து அகலத்துக்குத் திரண்டு போகும். குஞ்சு போற பக்கமெல்லாம் அதுக ரெண்டும் அடியிலயே போகும். நாரை வந்து நின்னா எந்திரிச்சுத் தண்ணிய ஒரு அடி அடிக்கும், நாரை பறந்துரும். நான் ஒவ்வொரு நாயித்துக்கெழமையும் பாத்தேன். நான் பாக்கேன்னு அதுகளுக்குத் தெரியாது. நான் ஒருத்தன் இருக்கேன்னே தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "சாயம் எறங்கும்போது வால்வுகிட்ட நின்னேன். நீலமா அப்படியே நகண்டு போகுது. குஞ்சுக மேல வந்து வாயத் தெறந்துச்சுக. பெரிய வெறாலு அந்தத் தண்ணிய விட்டுட்டுப் போயிரலாம். காத்தக் குடிச்சுக்கிட்டு ஈரத்துல கரையேறி எங்கிட்டாச்சும் போயிரும், நம்மூருக் கம்மாயில பாத்திருக்கியில்ல. போகலத்தா. குஞ்சு அம்புட்டும் வெளுத்துப் பெரண்டதுக்குப் பெறகும் அந்த எடத்தையே சுத்திச்சு. நான் வால்வை மூடல. தொட்டி வத்துற வரைக்கும் நின்னேன்."

"நீங்க மூடியிருந்தா வேற ஒருத்தன் வந்து தெறந்திருப்பான்."

"தெறந்திருப்பான். அப்ப அவன் சொல்லட்டும். நான் தெறந்தேன், நான் சொன்னேன்."

"மீனைத் திங்கிற ஆளுதான நாம? வலையில அள்ளிக் கொண்டாந்து கொழம்பு வைக்கலையா?"

"திங்கோம். பசிக்குத் திங்கோம். அதுல எனக்கு ஒண்ணும் தோணுனதில்ல. இது யாரு பசிக்கு?" அவன் தேடித் தேடிப் பேசினான். நிறையப் பேசிப் பழக்கமில்லாதவன். "அதுக்கு நம்ம ஒத்தாசை வேண்டாம். நாம இல்லன்னாலும் அது இருந்திருக்கும், இன்னும் எத்தனையோ காலத்துக்கு. இருந்த ஒண்ண இல்லாமப் பண்ணிட்டு, யாருக்கும் நட்டமில்ல, ஒண்ணும் நடக்கலன்னு கையெழுத்துப் போடச் சொன்னா எப்படி? நட்டம் வந்தாத்தான் தப்பா?"

செல்லத்தாய்க்கு அவன் சொல்வதில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது, அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. அடுத்த அறையில் விஜயராணி இருமுவது கேட்டது. சுவர் அவ்வளவு மெல்லிசு. இங்கே பேசுவதெல்லாம் அங்கே கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

"அங்கன ஒருத்தி வயித்துல சுமந்துக்கிட்டு இருக்கா. அது எந்தம்பி புள்ள" என்றாள். "ஒங்களுக்கு அது பெருசா, மீனுக்குஞ்சு பெருசா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கோபமில்லை. இப்படி ஒரு தராசை அவள் தன் முன்னால் தூக்கிப் பிடிப்பாள் என்று எதிர்பாராதவன் பார்க்கிற பார்வை.

"நெறுத்துப் பாக்குற சாமானா அது?" என்றான் மெதுவாக. பிறகு தட்டில் கையை உதறினான். "சரி. நீ சொல்லு. பொய் சொல்லுன்னு நீ ஒன் வாயால சொன்னா, சொல்லிர்றேன்."

கீரைச் சட்டியில் ஈ உட்கார்ந்தது. அவள் ஓட்டவில்லை.

"சொல்லிருங்க" என்றாள்.

விசாரணைக்கு அவளும் கூடப் போனாள். பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவன் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆபீஸ் ஒரு மாடியில் இருந்தது. அதே அதிகாரிதான். வக்கீல் எழுதிக்கொண்டு வந்த காகிதத்தை ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தொட்டி தானா வழிஞ்சுதா?"

"ஆமாங்கய்யா."

"அன்னைக்கு நீங்களாத்தான சொன்னீங்க, நான் கேக்காமலே?"

"தெரியாமச் சொல்லிட்டேங்கய்யா."

அவர் ராக்கையாவை விட்டுவிட்டு ஒரு கணம் பின்னால் நின்ற செல்லத்தாயைப் பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"குட்டைன்னு எழுதச் சொன்னீங்களே. பதினாறு வருஷ சர்வீஸ்ல யாரும் எங்கிட்ட அப்படிச் சொன்னதில்ல. அது?"

ராக்கையா நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடத்தது. வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அந்தக் குட்டையத் தெரியாதுங்கய்யா" என்றான்.

அதிகாரி பேனாவை நீட்டினார். ராக்கையா குனிந்து தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினான். நகத்திலிருந்த நிறங்கள் வெள்ளைக் காகிதத்தின் மேல் அப்பட்டமாகத் தெரிந்தன.

மார்கழியில் கரண்டு வந்தது. பட்டறைப் பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்து வெடி போட்டார்கள். லைன் வீட்டில் அன்றைக்குக் கறிக்குழம்பு வாசம். குழாயடியில் பெண்கள் செல்லத்தாயின் குடத்தை முன்னால் வாங்கி வைத்துப் பிடித்துக் கொடுத்தார்கள். ஊருக்குப் போன பெரியகருப்பன் திரும்பி வந்து, ராக்கையாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். தை மாசம் விஜயராணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஷா என்று பெயர் வைத்தார்கள். ராஜபாண்டி தொட்டி வேலைக்கு மாறினான். அக்கா ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது.

ராக்கையா பனியன் வேஸ்ட் குடோனில் துணித் துண்டுகளை நிறம் பிரித்து மூட்டை கட்டுகிற வேலைக்குப் போனான். காலையில் போய்ச் சாயங்காலம் வந்தான். குழந்தை அழுதால் வாங்கி மடியில் போட்டு ஆட்டினான். செல்லத்தாயிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை, ஒருநாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கருவாடு வறுத்தால் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போகாமல் படுத்திருந்தான். முன்பெல்லாம் படுத்ததும் ஊர்க்கதை ஏதாவது பேசுவான், கண்மாய் நிறைந்த வருஷம், மடை உடைந்த வருஷம் என்று. இப்போது, "என்ன சத்தத்தையே காணோம்?" என்று அவள் கேட்டால், "தூக்கம் வருது" என்பான். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரியும். அவன் திட்டியிருந்தால் அவளும் திரும்பத் திட்டியிருப்பாள், இரண்டு நாள் முறைத்துக்கொண்டு மூன்றாம் நாள் சரியாகியிருக்கும்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் யாரிடமும் சொல்லாமல் குட்டைக்குப் போனாள். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு கரையேறினாள். தண்ணீர் பாதியாக வற்றி, இன்ன நிறம் என்று சொல்ல முடியாமல் கிடந்தது. ஓரத்தில் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. சம்பு கருகித் தலை சாய்ந்து நின்றது. ஒரு சத்தமில்லை. தவளை இல்லை, தட்டான்கூட இல்லை. தண்ணீருக்கு மேலே கொசுகூட ஆடவில்லை என்பதை அவள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

எதற்கு வந்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். ஒரு மனுஷிக்குத் தீங்கு செய்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், காறித் துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். மாட்டுக்குச் செய்திருந்தால் ஒரு கட்டு அகத்திக்கீரை வாங்கிப் போடலாம். சாமிக்கென்றால் முடி இறக்கலாம். இங்கே எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. கும்பிடலாமா என்று கையைத் தூக்கினாள். கும்பிட்டால் அது பொய்யாகப் போய்விடும்போல் இருந்தது. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வெயில் ஏறுகிற வரைக்கும் சும்மா நின்றாள். அந்தத் தண்ணீர் அவளைக் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

மதியம் சாப்பிட்டு முடித்து ராக்கையா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். செல்லத்தாய் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குட்டைக்குப் போனேன்" என்றாள்.

குழந்தையின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்த அவன் கை ஒரு தட்டு பிந்தி விழுந்தது.

"எனக்குத் தெரியலங்க. நீங்க சொல்லும்போது எனக்கு வெளங்கல. எந்தம்பி, அவன் புள்ளன்னு அது ஒண்ணுதான் கண்ணுல நின்னுச்சு." கையில் இருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். "தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

அவன் அவள் தலையில் கையை வைத்தான். அந்தக் கையின் கனத்தில் ஒரு குற்றச்சாட்டும் இல்லை.

"எங்கிட்ட எதுக்குத்தா கேக்குற?" என்றான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆறு மாசமாக வராதது. குழந்தை விழித்துவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை. வெளியே வெளிச்சம் மங்கியது. தகரத்தின் மேல் முதலில் ஒன்றிரண்டாகவும் பிறகு கொட்டு மேளமாகவும் கோடை மழை இறங்கியது. லைன் வீட்டுப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு வாசலில் குதித்தன. மூன்று மாசமாகக் காய்ந்த மண் வாசம் அறைக்குள் வந்தது.

அடுத்த அறையில் ராஜபாண்டியின் செல்போன் அடித்தது.

"சரிங்கண்ணா" என்று அவன் பேசுவது சுவர் வழியாகக் கேட்டது. "நெறஞ்சுருச்சுங்களா. சரிங்கண்ணா. எந்தப் பக்கம்... சரிங்க. இந்தா வந்துர்றேன்."

செல்லத்தாய் அழுகையை நிறுத்திவிட்டு ராக்கையாவைப் பார்த்தாள். அவன் குழந்தையின் காலைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

ராஜபாண்டி சட்டையை மாட்டிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். மகள் தூங்குவதை எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, பட்டறை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். ஒரு மணி நேர வேலைதான்."

அவள் வாயைத் திறந்தாள். போகாதேடா என்று சொல்லத்தான் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வயதில் இடுப்பில் தூக்கிவைத்த அதே முகம். அதற்குப் பின்னால், கதவோரம், பால் கட்டிய மாரோடு விஜயராணி நின்றுகொண்டிருந்தாள்.

செல்லத்தாய் எழுந்து, ஆணியில் தொங்கிய குடையை எடுத்துத் தம்பியிடம் நீட்டினாள்.

"நனையாமப் போய்யா" என்றாள்.